வன்னீரும் ஓசோனும்: கரவெட்டிக் கிணற்றை முன்வைத்து ஒரு நோக்கு

1

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடுக்களைகளிலே நாள்தோறும் அடுப்பேறும் கேத்திலின் உட்புறத்தைப் பார்த்தவர்கள், அங்கு தகடுபோல ஒட்டியிருக்கும் வெண்சாம்பல் நிறப் படிவினை அறிவர். கரவெட்டியும் இதற்கு விலக்கன்று. சவர்க்காரம் நுரைப்பதற்கு முன் திரைகின்றது. பருப்பு வேகப் பிந்துகின்றது. ஆறவிட்ட தேநீரின்மேல் மெல்லிய ஆடை படர்கின்றது. தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தால், உட்சுவரில் கல் ஒரு படையாகவும் அதன்மேல் வழுவழுப்பான பாசி போன்ற பொருள் இன்னொரு படையாகவும் காணப்படும். முன்னையது சுண்ணப்படிவு, பின்னையது நுண்ணுயிர்கள் கூடிவாழும் உயிர்ப்படலம்.

இவ்விரண்டையும் ஒருங்கே நீக்கவல்லது என ஓசோனைப் பரிந்துரைக்கும் விளம்பரங்கள் உலகெங்கும் உள. அவற்றிலே மூன்று வினைச்சொற்கள் திரும்பத்திரும்ப வருகின்றன: ஓசோன் வன்னீரை மென்மையாக்கும், சுண்ணப்படிவைத் தடுக்கும், உயிர்ப்படலத்தை ஒழிக்கும். இலக்கிய மாணாக்கராகிய நாம் இரசாயனவியலாளரின் புலத்துள் நுழைவது ஏன் என்ற வினா எழலாம். விளம்பரமும் ஒரு பனுவலே. அதன் வினைச்சொற்கள் எவ்வளவு உண்மையைத் தாங்குகின்றன என்று சோதிப்பது நம் தொழிலுக்குப் புறம்பானதன்று. அதற்கும் மேலாக, கிணறு என்பது நமது பிரதேசத்தில் நீர் எடுக்கும் குழியாக மாத்திரம் இருந்ததில்லை. அது சமூக உறவுகள் வெளிப்பட்ட இடமாகவும் இருந்துவந்துள்ளது. ஆகவே, ஓசோன் எதைச் செய்யும் என்ற வினாவையும், அது யாருக்குப் பயன்படும் என்ற வினாவையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்வோம்.

2

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. கடலடியிலே வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து இறுகியதனால் உண்டான கல் அது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே நிலத்தடி நீருக்குப் பிரதான முதல். மழைநீர் காற்றிலிருந்து சிறிதளவும், வேர்கள் மூச்சுவிடும் மண்ணிலிருந்து பெருமளவும் காபனீரொட்சைட்டைப் பெற்று மென்னமிலமாகின்றது. அவ்வமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைத்துக்கொண்டு கீழிறங்குகின்றது. நீர் கல்லைத் தின்றுகொண்டேதான் கிணற்றை அடைகின்றது எனலாம். புத்தூரின் நிலாவரை போன்ற ஆழ்ந்த நீர்நிலைகள், நீர் கல்லைக் கரைத்தமையின் பெருவடிவச் சான்றுகளாகும்.

நீரைக் கொதிக்கவைக்கும்போது இந்த வரலாறு பின்னோக்கி நடைபெறுகின்றது. காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த சுண்ணம் மீண்டும் கல்லாக வீழ்படிகின்றது. இவ்வாறு கொதித்தலால் நீங்கும் வன்மையைத் தற்காலிக வன்மை என்பர். கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் சல்பேற்றுகளாலும் குளோரைட்டுகளாலும் ஏற்படும் வன்மை கொதித்தலால் நீங்காது; அது நிலையான வன்மை. நீரின் வன்மை லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அதனை மிகு வன்னீர் என வகுப்பது வழக்கம்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். தற்காலிக வன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் உள்ள நீரை ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 5 லீற்றர் கொதிக்கவைக்கின்றது என்று கொள்வோம். அத்தனை சுண்ணமும் படியுமாயின் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிராம். ஆண்டொன்றுக்கு அரைக் கிலோகிராமுக்கு மேல். கேத்திலில் நாம் காணும் கல், வீட்டின் அடியில் இருக்கும் அதே கல்லேயாகும். வன்மை உடல்நலத்துக்குக் கேடு என்று கொள்ள ஆதாரம் போதாமையால், உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தின் அடிப்படையில் அதற்கு எல்லை எதனையும் விதிக்கவில்லை என்பதும் இங்கு நினைவுகூரற்பாலது. வன்மை பெரிதும் சவர்க்காரச் செலவு, எரிபொருட் செலவு, கருவித் தேய்வு என்னும் வடிவங்களில் வீட்டுப் பொருளாதாரத்தைத் தாக்குகின்றது. அச்சுமையைச் சுமப்பவர் பெரும்பாலும் அடுக்களையிலும் கிணற்றடியிலும் உழைக்கும் பெண்களே.

3

ஓசோனின் வரலாறு மின்சாரத்தின் வரலாற்றோடு பிணைந்தது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே ஆய்வு நடத்திய ஷோன்பைன், மின்பகுப்பின்போது எழுந்த ஒரு மணத்தை 1839இல் அவதானித்தார். மணத்தல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவ்வாயுவுக்குப் பெயரிட்டார். 1857இல் வேர்னர் வொன் சீமன்ஸ் மின்னிறக்கத்தால் அதனை ஆக்கும் கருவியை அமைத்தார். பிரான்சின் நீஸ் நகரில் 1906ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய நிலையம், குடிநீரைத் தொடர்ச்சியாக ஓசோனால் சுத்திகரித்தமைக்கு முன்னோடியாகக் கொள்ளப்படுவது.

நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் மூலக்கூற்றில் அணுக்கள் இரண்டு, ஓசோனில் மூன்று. மூன்றாவது அணு உறுதியற்ற பிணைப்பில் நிற்பதால், ஓசோன் எதிர்ப்படும் பொருளை விரைந்து ஒட்சியேற்றிவிட்டுத் தான் ஒட்சிசனாகின்றது. இதன் ஒட்சியேற்றும் வலிமை குளோரினினதிலும் மிகுதி. பற்றீரியாவின் சுவரைச் சிதைக்கும். வைரசுகளைச் செயலிழக்கச் செய்யும். கரைந்த இரும்பையும் மங்கனீசையும் வீழ்படியச் செய்யும். நிறத்தையும் நாற்றத்தையும் போக்கும். ஆயின் அதன் வலிமையே அதன் குறையுமாகும். சாதாரண வெப்பநிலையில் நீரிலுள்ள ஓசோனிற் பாதி, நிமிடக் கணக்கில் அழிந்துவிடுகின்றது. சேமித்துவைக்க இயலாது, வேண்டிய இடத்திலேயே மின்சாரத்தால் ஆக்கவேண்டும். குழாய்வழி நெடுந்தூரம் செல்லும் நீருக்கு அது காவலாக உடன்செல்லாது. ஆதலாற்றான் ஓசோனைப் பயன்படுத்தும் நகரங்களிற் பலவும் இறுதியில் சிறிதளவு குளோரினையும் சேர்க்கின்றன.

4

இனி, மூன்று வினைச்சொற்களையும் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது, ‘மென்மையாக்கும்’ என்பது. இது இரசாயனரீதியாகப் பொருந்தாது. வன்மைக்குக் காரணமான கல்சியமும் மகனீசியமும் நீரிலே இலத்திரன் இழந்த அயன்களாகவே உள்ளன. மேலும் ஒட்சியேற்றத்துக்கு அவற்றில் இடமில்லை. ஓசோன் செலுத்தப்பட்டபின்னும் அவை நீரிலேயே இருக்கும். அவற்றை நீக்குவதற்கான வழிகள் வேறு. அபடீனைச் சேர்ந்த தோமஸ் கிளார்க் 1841இல் உரிமம் பெற்ற முறை, நீற்றிய சுண்ணாம்பையே நீரிற் சேர்த்துக் கரைந்த சுண்ணத்தை வீழ்படியச் செய்வது; சுண்ணத்தைச் சுண்ணத்தாலேயே வெளியேற்றும் முறை அது. சோடியங் காபனேற்றைச் சேர்த்தல், அயன்மாற்றப் பிசின், நேர்மாறு சவ்வூடுபரவல் ஆகியன ஏனையவை. இவற்றுள் ஒன்றேனும் ஓசோனைப் போல ஒட்சியேற்றாது. ஓசோனும் இவற்றின் வேலையைச் செய்யாது.

இரண்டாவது, ‘படிவைத் தடுக்கும்’ என்பது. இது பகுதியுண்மை. வழுவழுப்பான உயிர்ப்படலம் சுண்ணப் பளிங்குகள் பற்றிக்கொள்ள ஒட்டுப்பசை போலப் பயன்படுகின்றது. ஓசோன் அப்பசையைச் சிதைக்கும்போது கல்லின் பிடி தளர்வதுண்டு. பெருங் கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் ஓசோனைப் பயன்படுத்தியோர் படிவு குறைந்ததாகக் கூறியமைக்கு இது ஒரு காரணம். ஆனால் இங்கு ஒரு முரண்பாடும் உள்ளது. ஓசோன் தனியே நீருட் செல்வதில்லை. காற்றுடனோ ஒட்சிசனுடனோ கலந்து குமிழிகளாகச் செல்கின்றது. அக்குமிழிகள் நீரிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிரித்துக்கொண்டு வெளியேறுகின்றன. காபனீரொட்சைட்டு குறைந்தால் சுண்ணம் கரைந்திருக்க இயலாது என்பதை மேலே கண்டோம். ஆகவே மிகு வன்னீரில் ஓசோன் செலுத்துவது படிவைத் தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டவும் கூடும். குமிழியை வெளிவிடும் நுண்துளைக் கல்லே சுண்ணத்தால் அடைபடுவதும் உண்டு.

மூன்றாவது, ‘உயிர்ப்படலத்தை ஒழிக்கும்’ என்பது. மூன்றினுள் உண்மைக்கு மிக அணித்தானது இதுவே. எனினும் நிபந்தனையோடு கூடியது. நீரில் வாழும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் தனித்து மிதப்பதிலும் பார்க்க மேற்பரப்புகளில் ஒட்டிக் கூட்டாக வாழ்வதையே நாடுகின்றன என்ற கருத்தை, 1978இல் கொஸ்ரேற்றனும் அவருடைய சகாக்களும் பரந்த வாசகரிடம் கொண்டுசென்றனர். அவை தாமே சுரக்கும் பசைப்பொருளுள் மறைந்து வாழ்வதால், கிருமிகொல்லிகள் புறப்படையிலேயே செலவாகிவிட உட்படை தப்பிப்பிழைக்கின்றது. ஓசோன் அப்பசைப்பொருளையே தாக்குவது அதன் சிறப்பு. ஆயினும் ஒருமுறை செலுத்திவிட்டு வாளாவிருக்க முடியாது.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. நீரிற் கரைந்துள்ள பெரிய சேதனப் பொருள்களை ஓசோன் சிறு துண்டங்களாக உடைக்கின்றது. முன்னர் பற்றீரியாவாற் செரிக்க இயலாதிருந்தவை இப்போது அதன் இலகு உணவாகின்றன. ஓசோன் மறைந்தபின், அதே நீர் செல்லும் குழாயில் உயிர்ப்படலம் முன்னிலும் செழித்து வளரலாம். இதனாலேயே முறையாக அமைந்த நிலையங்களில் ஓசோனை அடுத்து மணலோ தூண்டிய கரியோ கொண்ட வடிகட்டி இடம்பெறுகின்றது. அவ்வடிகட்டியில் நுண்ணுயிர்களை வேண்டுமென்றே வளரவிட்டு, அந்த உணவை அங்கேயே தீர்த்துவிடுகின்றனர். வைத்தியசாலைகளில் சிறுநீரக நோயாளரின் இரத்தச் சுத்திகரிப்புக்கான நீர்த்தொகுதிகளில், முதலில் வன்மை நீக்கமும் சவ்வூடுபரவலும் நடைபெறுகின்றன. அதன்பின் குழாய்களில் உயிர்ப்படலம் தோன்றாதிருக்க ஓசோன் பயன்படுத்தப்படுவதுண்டு. ஓசோனுக்குரிய இடம் எது என்பதை இவ்வரிசைமுறையே உணர்த்திவிடுகின்றது.

5

பொதுவிதியிலிருந்து நமது பிரதேசத்தின் தனித்தன்மைக்கு வருவோம். வல்லைவெளியைக் கடந்து வடமராட்சியுட் புகுவோர், கடனீரேரி ஊர்களை எவ்வளவு அண்மித்துக் கிடக்கின்றது என்பதைக் காண்பர். குடாநாட்டின் நன்னீர், கல்லினுள்ளே உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதப்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபன், ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவர் தனித்தனியே கண்ட விதியின்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி வரை உயரக்கூடும். துலா மிதித்தும் சூத்திரம் சுற்றியும் இறைத்த காலத்தில் மனித உடலும் மாடும் களைத்ததே இறைப்புக்கு எல்லையாயிற்று. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிவிட்டது.

இவ்வுவர்க் கலப்பே ஓசோனைப் பற்றிய வினாவிற்குப் புதியதொரு கனத்தைத் தருகின்றது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைட்டு உண்டு. புரோமைட்டு தன்னளவில் இச்சிறு அளவுகளில் பெருந்தீங்கானதன்று. ஆனால் ஓசோன் அதனைப் புரோமேற்றாக மாற்றுகின்றது. புரோமேற்று புற்றுநோயை உண்டாக்கக்கூடியதெனக் கருதப்படுவது. குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லை. கொதிக்கவைப்பதால் அது நீங்காது. நூறு பங்கு கிணற்றுநீரில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தால், குளோரைட்டு லீற்றருக்கு ஏறத்தாழ 190 மில்லிகிராம் கூடும். நாவுக்கு அது சவராகத் தோன்றாமலும் போகலாம். ஆனால் அதே நீரில் புரோமைட்டு 0.65 மில்லிகிராம் சேர்ந்திருக்கும். புரோமேற்று எல்லைமீறித் தோன்றுவதற்கு அது தாராளமாகப் போதும். நல்ல தண்ணீர் என்று நாவு சான்றளித்த நீர், ஓசோன் செலுத்தியபின் அச்சான்றை இழந்துவிடக் கூடும்.

இது வெறும் ஊகமன்று. 2004ஆம் ஆண்டு மார்ச்சிலே பிரித்தானியச் சந்தையிலிருந்து ‘டசானி’ என்னும் போத்தல் நீர், ஏறத்தாழ 5 இலட்சம் போத்தல்கள், மீளப்பெறப்பட்டது. சுத்திகரித்த குழாய்நீரில் சேர்க்கப்பட்ட கல்சியம் குளோரைட்டில் புரோமைட்டு இருந்தது. இறுதியில் செலுத்திய ஓசோன் அதனை எல்லைக்கு மேற்பட்ட புரோமேற்றாக்கிவிட்டது. பெருமூலதனமும் ஆய்வுகூடமும் உடைய தொழிற்சாலையிலேயே இவ்வாறு நிகழுமாயின், நீரைச் சோதிக்காது கிணற்றடியிற் பொருத்தப்படும் சிறு கருவியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

குடாநாட்டு நீரின் மற்றொரு பெருங் கேடு நைத்திரேற்று. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடப்படும் யூரியாவிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது வெடிப்புமிக்க சுண்ணாம்புக்கல்லினூடே விரைந்து இறங்குகின்றது. புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளுக்கு அது விசேடமான ஆபத்து. நைத்திரேற்று ஏற்கெனவே முற்றாக ஒட்சியேற்றப்பட்ட பொருள். ஓசோன் அதனை எதுவும் செய்யாது. தொகுத்து நோக்கின், குடாநாட்டு நீரின் முப்பெருங் குறைகளாகிய வன்மை, உவர், நைத்திரேற்று ஆகிய மூன்றையும் ஓசோன் தீர்ப்பதில்லை. நான்காவதாகிய கிருமியை மட்டுமே அது தீர்க்கும். அதற்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றிலிடும் குளோரின் தூள் என்ற மலிவான வழி நெடுங்காலமாக உண்டு.

6

இந்நிலையில் இரண்டாவது வினா முன்னெழுகின்றது. நீர் சமூகத்தின் பொதுச்சொத்தா, தனியாரின் உடைமையா? யாழ்ப்பாணச் சமூகத்திலே கிணறு நில உடைமையின் நீட்சியாகவும் சாதி அதிகாரத்தின் கருவியாகவும் விளங்கியது. நிலமற்றிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள் கயிற்றைத் தொட உரிமையின்றி, மற்றவர் அள்ளி வார்க்கும்வரை குடத்துடன் காத்து நின்றனர். சாதி அடிப்படையில் இயலாமைகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் நிறைவேறியபோதும், அதனை நடைமுறைப்படுத்த 1966ஆம் ஆண்டு ஒக்டோபரில் எழுச்சிபெற்ற தீண்டாமை ஒழிப்பு இயக்கம் போன்ற மக்கள் போராட்டங்கள் வேண்டியிருந்தன. கே. டானியல் தமது நாவல்களுள் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டமை தற்செயலானதன்று. அன்று நீர் போதாமையால் மக்கள் தாகமுற்றனர் என்பதிலும், நீரின் மீதான உறவு அநீதியாக இருந்தமையால் தாகமுற்றனர் என்பதே பொருத்தம்.

அவ்வுறவு இன்று மறைந்துவிட்டதா, வடிவம் மாறியுள்ளதா? பணமுள்ள வீட்டார் ஆழக் குழாய்க்கிணறு இறக்கி, வன்மை நீக்கியும் சவ்வூடு வடிகட்டியும் கருவிகளைப் பொருத்திக்கொள்கின்றனர். ஏனையோர் போத்தலையும் கலனையும் விலைகொடுத்து வாங்குகின்றனர். அதற்கும் இயலாதோர் கிணற்றில் உள்ளதைக் குடிக்கின்றனர். ஒரு வீட்டின் அயன்மாற்றக் கருவியைக் கழுவிய உப்புநீர் வளவிலேயே ஊற்றப்படின், அது கல்லினூடாக இறங்கி அயல்வீட்டுக் கிணற்றை அடையும். நிலத்தின் மேலே வேலிகளும் மதில்களும் வளவுகளைப் பிரிக்கின்றன. நிலத்தின் கீழே நீர் ஒன்றேயாகும். பொதுவான ஒன்றைத் தனித்தனியே திருத்த முற்படுவதிலுள்ள அடிப்படை முரண்பாடு இதுதான். கருவியை விற்பவர் இம்முரண்பாட்டைப் பேசுவதில்லை; அவருடைய வாடிக்கையாளர் ஒரு வீடு, பிரச்சினையோ ஒரு குடாநாடு.

பொதுத் தீர்வுகள் சிந்திக்கப்படாமலில்லை. கடனீரேரிகளை நன்னீராக மாற்றி நிலத்தடி நீரை வளப்படுத்தும் பொறியியலாளர் ஆறுமுகத்தின் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம் 1950களுக்குரியது. அது முழுமை பெறவில்லை. 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரத்தக்க கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. கடல்நீரிலிருந்து பெறும் நீர் மிகமிக மென்மையானது. குழாய்களை அரிக்காதிருக்க அத்தகைய நீருக்குச் சிறிது சுண்ணத்தை மீளச் சேர்ப்பது உலக வழக்கம். வன்மை பகையாவதும் துணையாவதும் அளவைப் பொறுத்தன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

7

நமது ஆய்வின் முடிவுகள் எளியவை. ஓசோன் பயனற்றது என்று நாம் கூறவில்லை. பயிற்சிபெற்ற தொழிலாளரும் ஆய்வுகூடமும் தடையற்ற மின்சாரமும் உள்ள பொது நிலையத்தில், புரோமைட்டு அளக்கப்பட்ட நீரில், வடிகட்டிக்கு முன்னே வைக்கப்படின் அது சிறந்த கருவி. கிணற்றடியில் வன்மை நீக்கியாக அதனை விற்பது பிழை.

கேத்திலின் கல்லுக்கு அடுக்களையிலேயே மருந்துண்டு. தேசிக்காய்ச் சாறோ பழப்புளிக் கரைசலோ வினாகிரியோ விட்டுச் சூடாக்கினால், அமிலம் கல்லைக் கரைத்துவிடும். மழை கல்லைச் சந்திக்கும் முன்னரே கூரையிலிருந்து சேகரித்தால், அதுவே இயல்பான மென்னீர். தூர்ந்த குளங்களையும் கேணிகளையும் ஆழமாக்கினால் மாரிநீர் நிலத்துள் இறங்கி உவரை அமுக்கும். மலக்குழிகளைக் கிணற்றிலிருந்து விலக்குவதும், யூரியாவை அளவோடு இடுவதும், இறைப்பை ஊர்தோறும் கூடி வரையறுப்பதும் எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாதவை. இவற்றுள் முதலிரண்டும் ஒரு வீட்டால் இயலும். ஏனையவை ஊர் ஒன்றுகூடினாலன்றி இயலா. கரவெட்டி போன்ற ஊர்கள், கிணற்றில் அள்ளும் உரிமைக்காக மக்கள் ஒன்றுகூடிய வரலாற்றை உடையவை. அக்கிணற்றில் அள்ளத்தக்க நீர் எஞ்சியிருக்க வேண்டுமாயின், இனியும் ஒன்றுகூட வேண்டியிருக்கின்றது.